தாய்மொழியில் கணக்கு: அங்கேரியும் நாமும்

பெயரை மாற்றிக்கொண்டால் மொழி வளர்ந்துவிடுமா என்று நம்மைப் பார்த்து எள்ளுவோர் இன்றும் உளர். வேதாசலம் மறைமலையானதும் சூரியநாராயணர் பரிதிமாற்கலைஞரானதும் அவர்கள் கண்ணுக்குப் பித்தர் செயலாகவே தோன்றும். அவர்க்கு மறுமொழி கூறுவதற்காக அன்று; நாம் எங்கே நின்றுவிட்டோம் என்பதை நமக்கு நாமே உணர்த்திக்கொள்வதற்காக, ஐரோப்பாவில் நிகழ்ந்த பெயர்மாற்றம் ஒன்றை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

அங்கேரி நாட்டின் தெற்கே பேச்சு என்றொரு நகரம் உண்டு. (அந்நாட்டார் வாயில் அவ்வூர்ப்பெயர் ஏறத்தாழ இப்படித்தான் ஒலிக்கிறது. மொழியைப் பற்றிய கட்டுரைக்கு இதனினும் பொருத்தமான ஊர் வாய்ப்பது அரிது.) அவ்வூரில் 1880-ஆம் ஆண்டு, யூதக் குடும்பமொன்றில், வைசு இலிப்போத்து என்பார் பிறந்தார். அங்கேரியர் குடிப்பெயரை முன்னும் இட்டபெயரைப் பின்னும் வைப்பர். நாம் தந்தையின் முதலெழுத்தை முன்னே வைப்பது போல. வைசு என்பது செருமானியச் சொல். வெள்ளை என்பது அதன் பொருள். இருபது அகவையை எட்டிய காலத்தில் அவ்விளைஞர் அச்செருமானியப் பெயரைக் களைந்துவிட்டு, அதே பொருள்தரும் அங்கேரியச் சொல்லாகிய பெயேர் என்பதைத் தம் குடிப்பெயராக்கிக் கொண்டார். பொருளை மாற்றவில்லை, மொழியைத்தான் மாற்றினார். வேதாசலத்தை மறைமலையாக்கிய அதே முறை! அதுவும் நம் தனித்தமிழ் இயக்கம் தோன்றிய 1916-க்கு ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் முன்னதாக.

ஆனால், அன்பரீர், உலகம் பெயேரை அறிந்தது பெயரை மாற்றியதால் அன்று. அதே 1900-ஆம் ஆண்டில், இருபது அகவை மாணவராக இருந்தபோதே, கணிதப் பகுப்பாய்வுத் துறையில் முப்பதாண்டுகளாக அவிழாதிருந்த முடிச்சொன்றை அவர் அவிழ்த்தார். அஃது என்ன முடிச்சு என்பதைத் தமிழில் சொல்லிப் பார்ப்போம். சொல்ல இயலாதென்று கூறுவோரும் கேட்கட்டும்.

காசிமேட்டுக் கரையில் நின்று கடலைப் பாருங்கள். பேரலையொன்றின் முதுகில் சிற்றலை. அதன் முதுகில் காற்றெழுப்பும் நுண்ணலை. நாம் காணும் ஒரு வடிவம் பல அலைகளின் கூட்டு. இவ்வாறே எத்தகைய அதிர்வையும், ஆலைச் சங்கின் ஓலத்தையுங்கூட, எளிய அலைகள் பலவற்றின் கூட்டாக எழுதிவிடலாம் என்று பிரான்சு நாட்டுப் பூரியே 1807-இல் முன்மொழிந்தார். அலைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் கூட்டுத்தொகை நாம் தொடங்கிய வடிவத்தை நெருங்கிக்கொண்டே வரும் என்பது நம்பிக்கை. பொறியியலும் வெப்பவியலும் அந்நம்பிக்கையின் மேல் எழுந்தன. ஆயின் 1873-இல் தூபுவா இரேமோன் என்னும் செருமானியர், அறுபடாத் தொடர்ச்சியுடைய கோடொன்றைக் காட்டி, அதன் அலைக்கூட்டு ஓரிடத்தில் எங்கும் சென்று அமையாமல் அலைந்துகொண்டே இருக்கும் என்று மெய்ப்பித்துவிட்டார். அடித்தளம் ஆடிற்று.

பெயேர் கேட்ட கேள்வி மிக எளியது. கூட்டுத்தொகை அலைகிறதென்றால் அலையட்டும். அவ்வப்போது கிடைத்த கூட்டுத்தொகைகளின் சராசரியை எடுத்துப் பார்த்தால் என்ன?

ஓர் எடுத்துக்காட்டு. பாரம் தூக்கும் கூலியாள் ஒருவர் ஒருநாள் ஓர் உருபா ஈட்டுகிறார், மறுநாள் வேலையின்றி அதைச் செலவிடுகிறார், மூன்றாம்நாள் மீண்டும் ஓர் உருபா, நான்காம்நாள் செலவு. அவர் கையிருப்பு ஒன்று, சுழி, ஒன்று, சுழி என்று என்றென்றும் ஊசலாடும். இறுதியில் அவர் கையில் என்ன இருக்கும் என்று கேட்டால் விடையில்லை. ஆனால் நாள்தோறும் இருந்த கையிருப்பின் சராசரி என்ன என்று கேட்டால் விடையுண்டு: அரை உருபா. நாள் ஏற ஏறச் சராசரி அரையை நெருங்கி அங்கே நின்றுவிடும். 1-1+1-1 என்று முடிவின்றிச் செல்லும் தொடருக்கு 1/2 என்று பொருள்கொள்வது இம்முறையாலேதான். இச்சராசரி முறை முன்பே இருந்ததுதான். பெயேர் செய்த புதுமை என்னவெனின், அதைப் பூரியேயின் அலைகளின்மேல் செலுத்தியதே. தொடர்ச்சியுடைய எந்தக் கோடாயினும், அதன் அலைக்கூட்டுகளின் சராசரி அக்கோட்டையே எவ்விடத்தும் ஒருசீராக நெருங்கும் என்று அவர் மெய்ப்பித்தார். ஆடிய அடித்தளம் நிலைபெற்றது. இன்றும் பகுப்பாய்வு பயிலும் எவரும் பெயேர் தேற்றத்தைக் கடந்துதான் செல்லவேண்டும்.

1905-இல் பிரான்சின் பெருங்கணிதர் புவான்காரே பரிசொன்று பெறப் புடாபெசுட்டு நகருக்கு வந்தார். வரவேற்க நின்ற அமைச்சர்களிடம் அவர் முதலில் வினவியது பெயேர் எங்கே என்பதுதான் என்றும், பெயேர் யார் என்று அவர்கள் விழித்தனர் என்றும் சொல்வர். (ஆட்சியாளர் எந்நாட்டிலும் ஒரு குலத்தவரே.) 1911-இல் பெயேர் புடாபெசுட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். நொய்மன், செகோ, ஏர்தோசு எனப் பின்னாளில் உலகறிந்த கணிதர் பலர் அவரிடம் பயின்றனர்.

இவ்வளவு சிறிய நாட்டில் இத்தனை கணிதர் எப்படித் தோன்றினர்? குருதியிலா? மண்ணிலா? நாம் தேடவேண்டிய கரணியம் 1894-ஆம் ஆண்டில் இருக்கிறது.

அவ்வாண்டு, தியோர் என்னும் நகரின் பள்ளியாசிரியர் அரானி தானியேல், உயர்நிலைப்பள்ளி மாணவர்க்கென்றே ஒரு கணக்கு மாத இதழைத் தொடங்கினார். முழுவதும் அங்கேரிய மொழியில். ஒவ்வோர் இதழிலும் கணக்குகள் கொடுக்கப்படும். நாடெங்கணுமுள்ள மாணவர் விடையெழுதி அனுப்புவர். சிறந்த விடை, எழுதிய மாணவர் பெயருடன் அடுத்தடுத்த இதழ்களில் வெளிவரும். மிகுதியாக விடுவித்தோரின் ஒளிப்படங்களும் பின்னாளில் அச்சாயின. அதே ஆண்டு பள்ளி முடித்தோர்க்கான கணக்குப் போட்டியும் அந்நாட்டிற் தொடங்கிற்று. பேச்சு நகரில் பள்ளிமாணவராக இருந்த வைசு இலிப்போத்து அவ்விதழுக்கு விடாது விடை எழுதியவர். இதழைப் பின்னர் நடத்திய இராத்சு இலாசுலோ என்னும் தலைநகர ஆசிரியர், வைசு மீண்டுமோர் அழகிய விடை அனுப்பியிருக்கிறான் என்று சொல்லித் தம் வகுப்பைத் தொடங்குவது வழக்கமாம். தம் வகுப்பில் இல்லாத, தாம் கண்டறியாத ஊர்ப்பிள்ளை ஒருவனைப் பற்றி! அவ்வைசு 1897-இல் போட்டியில் இரண்டாம் பரிசு பெற்றார். மூன்றாண்டில் பெயேர் தேற்றம் பிறந்தது.

அரானியின் அதே தியோர் நகரத்தில் பிறந்தவர்களே இரீசு உடன்பிறப்பாளர் இருவரும். மூத்தவர் பிரிகெசு இரீசு, பெயேர் பிறந்த அதே 1880-இல் பிறந்து, சார்புப் பகுப்பாய்வு என்னும் புதுத்துறைக்கு அடித்தளமிட்டார். முதல் உலகப்போருக்குப் பின் அவர் பணியாற்றிய கொலோசுவார் நகரம் உருமேனியாவுக்குப் போய்விடவே, பல்கலைக்கழகமே செகெது நகருக்குப் பெயர்ந்தது. அங்கே 1922-இல் உலகக் கணிதர் எதிர்பார்த்துப் படிக்கும் ஆய்விதழ் ஒன்றை உருவாக்கினார். இளையவர் மார்செல் இரீசு 1886-இல் பிறந்தார். அவரைப் பின்னர் நம் சென்னையிலேயே சந்திப்போம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். பெயேரும் இரீசும் தங்கள் ஆய்வுரைகளைப் பிரெஞ்சிலும் செருமானியத்திலும் எழுதினர். செகெது இதழும் உலகமொழிகளிலேயே நடந்தது. அங்கேரிய மொழியைத் தவிர வேறெதையும் தொடமாட்டோம் என்று அவர்கள் இருந்ததில்லை. உயராய்வுக்கு ஆங்கிலம் வேண்டுமே என்று நம்மிடம் வாதிடுவோர்க்கு இதுவே விடை. மாடியின் பலகணி எத்திசையிலும் திறக்கலாம். வீட்டின் கடைக்கால் எங்கே நிற்கிறது என்பதே கேள்வி. பதினைந்து அகவைப் பிள்ளை கணக்கைக் கனவு காண்பது எம்மொழியில் என்பதே கேள்வி. அங்கேரிய மொழியோ அதற்குச் சில தலைமுறைகட்கு முன்வரை இலத்தீனுக்கும் செருமானியத்துக்கும் அடங்கிக் கிடந்தது, 1844-இல்தான் ஆட்சிமொழியாயிற்று. காசின்சி முதலியோர் பல்லாயிரம் புதுச்சொற்களை ஆக்கி, ஏச்சையும் நகைப்பையும் தாங்கி, அம்மொழியை அறிவியலுக்கு அணியமாக்கினர். அரானி இதழ் தொடங்கியபோது சொற்கள் காத்திருந்தன.

(அங்கேரிய மொழி ஆரிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று என்பதையும், தமிழுக்கும் அவ்வடபுல மொழிகட்கும் உறவுண்டு என்று கால்டுவெலார் கருதியதையும் இங்கே சிலர் நினைவூட்டக்கூடும். அது வேறு வழக்கு. நமக்கு வேண்டியது உறவன்று, வழி.)

கசப்பான பகுதியையும் மறைத்தல் ஆகாது. தம் மொழியை மீட்ட அங்கேரியர், 1907-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் அதே மொழியைச் சுலோவாக்கியர் மேலும் உருமேனியர் மேலும் திணித்தனர். இந்தித் திணிப்பை எதிர்த்த நாம் அதை ஒப்ப இயலாது. மேலும், மொழியால் அங்கேரியரான பெயேர், குருதியால் அங்கேரியர் அல்லர் என்று 1944-இல் பல்கலைக்கழகத்தினின்று வெளியேற்றப்பட்டார். அவ்வாண்டின் குளிர்காலத்தில் அங்கேரிய வெறிப்படையினர் அவரையும் பிறரையும் சுட்டுத்தள்ளுதற்குத் தன்யூபு ஆற்றங்கரைக்கு இழுத்துச் சென்றனர். அலுவலர் ஒருவரின் தொலைப்பேசி அழைப்பால் உயிர் தப்பினார். 64 அகவைப் பேராசிரியர்! அவர் விரும்பி ஏற்ற அங்கேரியப் பெயர் அங்கே அவரைக் காக்கவில்லை. தமிழைத் தம் மொழியென ஏற்று வாழ்வாரைப் பிறப்புக் கேட்டு விலக்கும் குரல் நம்மிடையே எழும்போதெல்லாம் இவ்வாற்றங்கரையை நினைத்துக்கொள்வது நலம். பெயேர் 1959-இல் இயற்கை எய்தினார்.

இனி நம் கரைக்கு வருவோம்.

வியாசர்பாடியிலிருந்து சென்னைத் துறைமுகம் நடந்து செல்லும் தொலைவே. 1912 மார்ச்சு முதல் அத்துறைமுகக் கணக்குப் பிரிவில் திங்களுக்கு 30 உருபா சம்பளத்தில் எழுத்தராக இருந்தவர் கும்பகோணத்துச் சீனிவாச இராமானுசன். 1913 சனவரியில் கேம்பிரிட்சின் ஆர்டிக்கு அவர் விடுத்த புகழ்பெற்ற மடலில் விரிதொடர்களின் கூட்டலும் இருந்தது. 1+2+3+4 என்று முடிவின்றிச் செல்லும் தொடருக்கு அவர் தந்த மதிப்பு -1/12. பித்தன் கூற்றெனத் தோன்றும். ஆயின், எங்கும் அமையாத தொடருக்குப் பொருள் காண்பது எப்படி என்னும் பெயேரின் கேள்வியே வேறோர் உருவில் அங்கும் நிற்கிறது. பெயேர்க்கு அதன் பின்னே ஒரு பள்ளி, ஓர் இதழ், ஒரு போட்டி இருந்தன. இராமானுசனுக்கு இருந்தது கடனாகக் கிடைத்த ஓர் ஆங்கில வாய்பாட்டுத் தொகுப்பு நூல். அக்கணக்குப் புலிக்குக் கும்பகோணக் கல்லூரியில் உதவித்தொகை பறிபோனது எதனால்? ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றதனால். அதை எண்ணுந்தோறும் நெஞ்சு வேகிறது.

நம்மிடம் கணக்கு இதழே இல்லையா என்றால், இருந்தது. 1907-இல் இராமசாமி ஐயர் முயற்சியால் பகுப்பாய்வுக் கழகம் என்னும் பெயரில் தோன்றிய அமைப்பே இந்தியக் கணிதக் கழகமாயிற்று. அதன் இதழில் கேள்விப் பகுதியும் இருந்தது. 1911-இல் இராமானுசன் அதில் விடுத்த கேள்வியொன்றைப் பாருங்கள். ஒன்றோடு, இருமடங்கு வேர்மூலத்தைக் கூட்டி வேர்மூலம் காண்க, அவ்வுள் வேர்மூலத்தினுள்ளே ஒன்றும், மும்மடங்கு வேர்மூலமும், அதனுள்ளே ஒன்றும், நான்மடங்கு வேர்மூலமும், இப்படியே முடிவின்றி.

√(1+2√(1+3√(1+4√(1+...

இதன் மதிப்பென்ன? மூன்று இதழ்கள் வந்துபோயின. விடை எழுதுவார் ஒருவருமிலர். இறுதியில் இராமானுசனே விடை தந்தார்: 3. வழியோ நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். 3 என்பது 9-இன் வேர்மூலம். 9 என்பது 1+2×4. அந்த 4 என்பது 16-இன் வேர்மூலம். 16 என்பது 1+3×5. அந்த 5 என்பது 25-இன் வேர்மூலம். 25 என்பது 1+4×6. இப்படியே உள்ளே சென்றுகொண்டிருக்க வேண்டியதுதான். (முடிவின்றிச் செல்லுங்கால் எச்சம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று காட்டவும் வேண்டும், அங்கேதான் பகுப்பாய்வு தொடங்குகிறது.) இக்கேள்வி தமிழில் அச்சாகித் திருவொற்றியூர்த் திண்ணையிலும் தஞ்சைத் தெருவிலும் பள்ளிப்பிள்ளைகள் கையில் விழுந்திருந்தால் விடை எழுதுவார் ஒருவரேனும் கிடைத்திருக்க மாட்டாரா? அவ்விதழோ ஆங்கிலத்தில், கல்லூரி ஆசிரியர்க்கும் அலுவலர்க்குமாக நடந்தது.

1914 மார்ச்சில் இராமானுசன் இதே துறைமுகத்தில் நெவாசா என்னும் கப்பலேறினார். அதே ஆண்டு கேம்பிரிட்சு சென்ற மற்றொரு சென்னை இளைஞர் ஆனந்தராவ். 1893-இல் பிறந்தவர். அவர் பெயரை நம்மவருள் அறிந்தார் மிகச் சிலரே. ஆர்டியிடம் தொடர்களின் கூட்டல் பற்றி ஆய்ந்து, அங்கே சுமித்துப் பரிசு பெற்று, 1919-இல் திரும்பி, 26-ஆம் அகவையில் மாநிலக் கல்லூரிப் பேராசிரியரானார். 1948-இல் ஓய்வு பெறும்வரை அவர் வகுப்பறையிலிருந்து வெளிவந்த வரிசையைப் பாருங்கள்: விசயராகவன், குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்து எண்ணியலில் உலகப் புகழ் ஈட்டி, 1950-இல் கெய்ரோ அருகே வானூர்தி எரிந்து மாண்ட சிவசங்கரநாராயண பிள்ளை, மீனாட்சிசுந்தரம், சந்திரசேகரன். இராமானுசன் தனிமரம். ஆனந்தராவ் தோப்பு வைத்தவர். தென்னகத்தில் கணிதப் பகுப்பாய்வுக்கு முன்னோடி யாரென்றால் அவரைத்தான் சுட்டவேண்டும். நாம் தனிமரத்துக்குச் சிலை வைத்தோம். தோப்பு வைத்தவரை மறந்தோம்.

தியோர் நகரத்து மார்செல் இரீசைச் சென்னையில் சந்திப்போம் என்றோமல்லவா? பெயேரின் சராசரியை விரித்து, ஒவ்வோர் உறுப்புக்கும் வெவ்வேறு நிறையளிக்கும் புதுவகைச் சராசரிகளை இரீசு 1909-இல் ஆக்கினார். அச்சராசரிகளைப் பற்றி முழுநூல் எழுதி 1952-இல் ஆக்சுபோர்டு வழியே வெளியிட்டவர்கள் ஆனந்தராவ் வகுப்பில் வந்த சந்திரசேகரனும் மீனாட்சிசுந்தரமுமே! தியோரில் முளைத்த கருத்தைச் சேப்பாக்கம் வளர்த்தது. அறிவாற்றலில் நாம் குறைந்தவரல்லர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? 1975-இல் பெயேரின் மாணவராகிய ஏர்தோசு, கல்கத்தாவிலிருந்து ஆத்திரேலியா செல்லும் வழியை மாற்றிக்கொண்டு சென்னையில் இறங்கினார்; தமக்கு மடல் எழுதிய கல்லூரி மாணவர் அல்லாடி கிருட்டிணசாமியைக் காண்பதற்காக. ஊர்தெரியாப் பிள்ளையின் விடையை வகுப்பில் புகழ்ந்த இராத்சின் மரபு அது.

எனினும் தியோருக்கும் சேப்பாக்கத்துக்கும் ஒரு வேறுபாடு. ஆனந்தராவ் நட்ட தோப்பின் வேர் கல்லூரி மதிலுக்கு வெளியே இறங்கவில்லை. அவர் கற்பித்ததும் ஆங்கிலம்; மாணவர் எழுதியதும் ஆங்கிலம்; கற்றோர் பலர் பம்பாய்க்கும் சூரிச்சுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றனர். குற்றம் அவர்மேலன்று, காலமும் ஆட்சியும் அப்படி. ஆனால் அங்கேரியில் மூத்த கணிதர் சென்றால் பள்ளியிதழிலிருந்து அடுத்தவர் வருவர். இங்கே வரும் வழி அடைபட்டிருந்தது. இன்றும் முழுதாய்த் திறக்கவில்லை.

எம் தெருவில் மாலைதோறும் பிள்ளைகள் சிலர்க்குக் கணக்குச் சொல்லித்தருவது எம் வழக்கம். அவருள் ஒருத்தி, துறைமுகத்துக்குச் சரக்குந்து ஓட்டுபவரின் மகள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழி. சார்பு, எல்லை, தொடர்ச்சி, வகையிடல், தொகையிடல் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எல்லையைப் பற்றி அவள் கேட்ட கேள்வியொன்று எம்மையே இரண்டு நாள் உறங்கவிடவில்லை: நெருங்கிக்கொண்டே இருப்பது என்றால் என்றைக்கும் சேராது என்பதுதானே, பின் அதைச் சமக்குறியிட்டு எழுதுவது பொய்யாகாதா ஐயா? பகுப்பாய்வு முழுதும் அக்கேள்விக்கு விடைதான். அப்பெண் கணக்கையே விரும்பி எடுத்துக் கல்லூரியொன்றிற் சேர்ந்தாள். முதல் கிழமையில் எல்லை பற்றிய பாடம். அனைத்தும் ஆங்கிலம். தனக்குத் தெரிந்த பொருள்தான் முன்னே நிற்கிறதென்று அவளுக்குத் தெரியவே இல்லை. ஒருநாள் துணிந்து எழுந்து, எல்லை என்னும் சொல்லையிட்டு ஐயம் கேட்டாளாம். வகுப்பு சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். இரண்டு திங்களில் வணிகவியலுக்கு மாறிக்கொண்டாள். இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள். கணக்கைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

இராமானுசன் ஆங்கிலத்தாளில் தோற்றதற்கும் இப்பெண் வகுப்பில் வாயடைத்து அமர்ந்ததற்கும் நடுவே நூறாண்டு கடந்துள்ளது. எதற்குக் கடந்தது?

மொழியில் சொல்லில்லை என்று இனியும் கூற இயலாது. முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20 என்று பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயரிட்டு வாய்ப்பாடாகச் சொன்ன எண்சுவடி மரபு நம்முடையது. காரிநாயனாரின் கணக்கதிகாரம் நம்முடையது. யாழ்ப்பாணத்தில் 1855-லேயே விசுவநாத பிள்ளை வீசகணிதம் என்னும் இயற்கணித நூலைத் தமிழில் ஆக்கி அச்சிட்டார். அரானியின் இதழுக்கு 39 ஆண்டுகள் முன்பு! கோவையில் தாமோதரனார் தொடங்கிய கலைக்கதிர் அறிவியலைத் தமிழில் சுமந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிக்கென்றே நூற்றுக்கணக்கில் நூல் வெளியிட்டது. நூல்கள் வந்தன, படிப்பார்க்கு வகுப்பறை வரவில்லை. 2012-க்குப் பின் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. தமிழில் படித்தார்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு என்று 2010-இல் சட்டம் வந்தது; வரவேற்கத்தக்கதே. ஆயின் அது படித்து முடித்தபின் கிடைக்கும் கூலி. படிக்கும்போது கிடைக்கவேண்டிய மகிழ்ச்சியைச் சட்டம் தராது.

நம்மீதும் குற்றமுண்டு. எம்மையும் சேர்த்தே கூறுகிறோம். கணிதமா, கணக்கியலா; பகுப்பாய்வா, பகுப்பியலா; குவிதலா, ஒருங்குதலா என்று நம் இதழ்களில் பக்கம் பக்கமாக வழக்காடினோம். கணி, கணக்கு, கணியன் என்று வேர்ச்சொல் காட்டி இன்புற்றோம். அவ்வுழைப்பு வேண்டுவதே; காசின்சியில்லாமல் அரானி இல்லை. ஆனால் காசின்சியோடு நின்றுவிட்டோம். அச்சொற்களால் ஒரு கணக்கையேனும் பிள்ளையிடம் கொடுத்து, விடை வாங்கி, அவன் பெயரை அச்சிட்டோமா? பெயேர் பெயரை மாற்றினார். கூடவே தேற்றத்தையும் தந்தார். நாம் பெயரை மாற்றியதோடு சரி.

வடசென்னைக்கு ஓர் இராத்சு கிடைக்காமலும் இல்லை. முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப்பள்ளியில் கணக்காசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன் (1924-2005) இராமானுசனின் மடல்களையும் அவரை அறிந்தோரின் நினைவுகளையும் தேடித் திரட்டி, 1968-இல் அப்பள்ளியின் வழியே நினைவுத் தொகுதிகளாகக் கொணர்ந்தார். பல்கலைக்கழகம் செய்யவேண்டியதைப் பள்ளியாசிரியர் செய்தார். 1993-இல் இராயபுரத்தில் இராமானுசனுக்கு அருங்காட்சியகம் அமைந்ததும் அவர் உழைப்பால்தான். வியாசர்பாடியிலிருந்து அங்கே சென்று பார்த்தோர் எத்தனை பேர்? நம் அன்பர்கள் ஒரு ஞாயிறன்று பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். இராத்சுக்குக் கிடைத்து இவர்க்குக் கிடைக்காதது ஒன்றே: நாடு முழுதும் பிள்ளைகள் கையில் விழும் தாய்மொழிக் கணக்கிதழ்.

அதற்குப் பெரும்பொருள் வேண்டா. திங்களுக்கு எட்டுப் பக்கம். முதல் பக்கத்தில் ஆறு கணக்குகள். எஞ்சிய பக்கங்களில் சென்ற திங்களின் விடைகள், எழுதிய பிள்ளையின் பெயர், வகுப்பு, ஊர். தூய தமிழில் எழுதும் பிள்ளைக்கும், கொச்சையும் கலப்புமாக எழுதும் பிள்ளைக்கும் ஒரே தகுதி. வழி சரியா என்பதே அளவுகோல். மொழியைப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம்; ஆர்வம் முறிந்தால் ஒட்டாது. இக்கருத்தில் நம்மவர் சிலர் முரண்படுவர் என அறிவோம். முரண்படட்டும். உலகப்போர்கள் இரண்டில் அரானியின் இதழ் இருமுறை நின்று இருமுறையும் மீண்டெழுந்தது, இன்றும் வருகிறது. ஓராண்டு இழுத்து நடத்தும் வலிமையேனும் நமக்கில்லையா?

தொடக்கத்தை இப்பக்கத்திலேயே செய்துவிடுகிறோம். 1911-இல் இராமானுசன் விடுத்த அக்கேள்விக்கு இரண்டாம் பகுதி ஒன்றுண்டு:

√(6+2√(7+3√(8+4√(9+...

இதன் மதிப்பு முழு எண். மேலே 3-க்குக் காட்டிய வழியைப் பார்த்த எவரும் இதையும் திறக்கலாம். விடையை இங்கே அச்சிடவில்லை. அன்பர்கள் தத்தம் தெருப்பிள்ளைகளிடம் கொடுத்து, அவர்கள் கைப்பட எழுதிய வழியோடு இதழுக்கு விடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். வெறும் எண்ணை மட்டும் எழுதி அனுப்பவேண்டா.